பக்கத்து வீட்டில் ரேடான் இல்லை என்றால் எங்கள் வீட்டிலும் சோதிக்க வேண்டுமா?

பென்சில்வேனியாவில் வீடு வாங்கப் போகிறோம், பக்கத்து வீட்டில் சோதித்து ஒன்றுமில்லை என்றார்கள், எங்களுக்கும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் தேவை. ரேடான் என்பது நிலத்தடியிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு. ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளுக்குள்ளேயே அதன் அளவு பெரிதும் மாறும். அடியில் உள்ள பாறை, தரையின் விரிசல், அடித்தளத்தில் நீர் சேரும் சம்ப் குழி என எல்லாமே கணக்கில் வரும்.

நீங்கள் குடியேறப் போகும் மாநிலத்தில்தான் இந்த ஆபத்தே பலருக்கும் தெரிய வந்தது. 1984-இல் லிமெரிக் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிர்வீச்சு எச்சரிக்கைக் கருவியை ஒலிக்கவைத்துக்கொண்டே இருந்தார். உலையோ அப்போது இயங்கவே தொடங்கவில்லை. தேடிப் பார்த்தால், கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. அங்கே லிட்டர் காற்றுக்கு ஏறத்தாழ 2,700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடான் இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 4-ஐத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது.

நிறமும் மணமும் இல்லாத வாயு இது. புகைபிடிக்காதவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வர முதல் காரணம் இதுதான் என்கிறது அதே முகமை. நம் வீடுகளில் யாரும் புகைப்பதில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

சோதனை எளிது. கரி நிரப்பிய சிறிய டப்பா கடையில் கிடைக்கும். நீங்கள் புழங்கப் போகும் அடித்தளத்திலேயே, தரையிலிருந்து 20 அங்குலமாவது உயரத்தில், ஜன்னலுக்கும் சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி வையுங்கள். 12 மணி நேரம் முன்பிருந்தே கதவு ஜன்னல்களை மூடிவிட வேண்டும். வாசல் வழியாகப் போய்வரலாம். ஆனால் வடகம் பொரித்த வாசனை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தால் அளவு குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். இன்னும் குடியிருக்கும் விற்பவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த கட்டத்தில்தான். ரேடான் 3.8 நாளில் பாதியாகச் சிதைந்துவிடும். டப்பாவில் உள்ள கரி பிடித்து வைத்த ரேடானும் அப்படியே குறைந்துகொண்டே போகும். எனவே வைத்த நேரத்தையும் எடுத்த நேரத்தையும் படிவத்தில் எழுதி, டப்பாவை மூடி, அன்றே ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள். மேசையில் ஒரு வாரம் கிடந்த டப்பாவால் பயனில்லை.

4-க்கு மேல் வந்தால் வீட்டையே கைவிட வேண்டியதில்லை. தரைக்கு அடியிலிருந்து பிவிசி குழாய் ஏற்றி, மின்விசிறியால் உறிஞ்சிக் கூரைக்கு மேலே வெளியேற்றுவார்கள். அந்தச் செலவை விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். எங்கள் வீட்டிலும் அந்தக் குழாய் இருக்கிறது. அதில் U வடிவக் கண்ணாடிக் குழல் ஒன்றில் வண்ணத் திரவம் நிற்கும். இரு பக்கமும் ஏற்ற இறக்கமாக இருந்தால் விசிறி இழுக்கிறது, சம மட்டத்துக்கு வந்துவிட்டால் நின்றுவிட்டது என்று பொருள். துணி துவைக்க அடித்தளத்துக்கு இறங்கும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். விசிறி ஓடினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும்.