இறக்கிய எடை ஏன் திரும்ப ஏறுகிறது?

கேள்வி: டாக்டர், என் வயது 41. டயட் இருந்து 84 கிலோவிலிருந்து 74க்கு வந்தேன். ஒன்றரை வருடத்தில் மறுபடி 81. முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கிறார்கள். எனக்கு மனஉறுதி போதவில்லையா?

பதில்: உங்கள் மனஉறுதியில் குறையே இல்லை, சகோதரி. 10 கிலோ இறக்கியவர் நீங்கள். இந்தப் பதிலை வீட்டில் உள்ளவர்களிடமும் படிக்கக் கொடுங்கள்.

எடை மெஷினில் ஏறும் முன் வாட்சைக் கூடக் கழற்றிவைத்துவிட்டு, எண்ணைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்களை என் கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் செய்யாத குற்றத்துக்குக் கூனிக் குறுகுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நீங்கள் விரும்பித்தான் டயட் இருக்கிறீர்கள் என்பது உடம்புக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை பஞ்சம் வந்துவிட்டது. கொழுப்பு கரையக் கரைய, கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் குறைகிறது. 'கையிருப்பு இருக்கிறது, போதும்' என்று மூளைக்குச் சொல்வது அந்த ஹார்மோன்தான். கூடவே, வயிற்றில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வார டயட் முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் அடங்கவில்லை.

செலவையும் உடம்பு சுருக்கிவிடுகிறது. எடை இறங்கியவரின் தசைகள் குறைந்த சக்தியிலேயே வேலையை முடித்துக்கொள்ளப் பழகிவிடும். நீங்கள் நடக்கும் அதே தூரத்துக்கு முன்பு செலவான கலோரி இப்போது செலவாகாது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினரின் கணக்கு இது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் தினசரிச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி குறைகிறது, பசியோ சுமார் 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது. உங்கள் 10 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள். நாள் முழுக்க இந்தப் பசியோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் ஒன்றரை வருடத்தை ஓட்டியிருக்கிறீர்கள். இதில் தட்டில் ஒரு பிடி கூடிப்போவது நமக்கே தெரியாமல் நடக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மறுபடி பட்டினி டயட் வேண்டவே வேண்டாம். அதில் கொழுப்போடு தசையும் போய்விடும். ஒவ்வொரு வேளையும் புரதம், வாரம் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, கெடாத தூக்கம், இவை போதும். தொடக்க எடையில் 5 சதவீதம் குறைந்து அப்படியே நின்றாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும். உங்களுக்கு அது 80 கிலோ. இன்னும் ஒரே கிலோதான். பசியைக் குறைக்கும் புதிய ஊசிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் நிறுத்தினால் பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிடுகிறது. பிரஷர் மாத்திரை போலத் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

அப்புறம், தைராய்டு பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. டிஎஸ்எச் பரிசோதனை ஒருமுறை செய்துவிடுங்கள். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டும் மனநல மருந்துகள் சிலவும் எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.