பெயரில்லாத பிக்கப்பின் ஐந்து ஒயர்கள்

கேள்வி: பழைய எலக்ட்ரிக் கிடாரிலிருந்து கழற்றிய ஹம்பக்கர் பிக்கப் (கிடார்க் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒன்றை வாங்கி, என் கிடாரின் பிரிட்ஜ் பக்கம் மாட்டினேன். அதில் முத்திரையோ பெயரோ இல்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என நான்கு ஒயர்கள். கூடவே உறையில்லாத கம்பி ஒன்று. பிக்கப் தயாரிக்கும் சீமோர் டங்கன் நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துப் பற்றவைத்தேன். சத்தம் வருகிறது, ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்திருக்கிறது. பேஸே இல்லை, இரைச்சல் வேறு. மீட்டரில் 8.1 கிலோ ஓம் காட்டுகிறது. பிக்கப் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. 8.1 காட்டுகிறதென்றால் உள்ளே இருக்கும் இரண்டு காயில்களும் (கம்பிச் சுருள்களும்) உயிரோடு இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில்தான் இணைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மட்டும் தலைகீழாக மாட்டியிருக்கிறது. காயிலை எந்தப் பக்கமிருந்து அளந்தாலும் மின்தடை ஒன்றுதான். அதனால் இந்தத் தவறு அந்த எண்ணில் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். உங்கள் காது சரியாகவே சொல்லியிருக்கிறது.

ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் மேல்முகம் காந்தத்தின் வடமுனை, மற்றதன் மேல்முகம் தென்முனை. மின்சார ஓட்டமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் போகும்படி இணைப்பார்கள். கிடார்க் கம்பியின் அதிர்வைப் பொறுத்தவரை இரண்டும் மாறியிருப்பதால் கழித்தலும் கழித்தலும் கூட்டலாகி, சத்தம் சேர்ந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தைப் பற்றிக் கவலையில்லை. அது எதிர்ச்சுற்றில் அடிபட்டுப் போகும். கிப்ஸன் கிடார் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இதுதான். ஒரு காயிலைத் திருப்பி மாட்டினால் கதையும் தலைகீழாகிவிடும்: இசை அடிபடும், இரைச்சல் கூடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கும் ஓர் ஊகம் இருக்கிறது. டங்கன் முறையில் கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், சிவப்பும் பச்சையும் மற்றொன்று. கறுப்பு ஹாட் (சத்தத்தை வெளியே கொண்டுபோகும் ஒயர்), வெள்ளையும் சிவப்பும் ஒன்றோடொன்று சேரும், பச்சை கிரவுண்டுக்குப் போகும். டிமார்சியோ என்ற இன்னொரு நிறுவனத்தின் முறையில் அதே நான்கு நிறங்கள்தான், ஆனால் சிவப்பும் கறுப்பும் ஒரு காயில், வெள்ளையும் பச்சையும் மற்றொன்று. அங்கே சிவப்பு ஹாட், கறுப்பும் வெள்ளையும் சேரும், பச்சை கிரவுண்ட். டிமார்சியோ வரிசையில் உள்ள பிக்கப்பை டங்கன் படத்தின்படி மாட்டினால் சிவப்பு–கறுப்புக் காயில் மட்டும் திரும்பிவிடும். விளைவு, உங்கள் தகர டப்பா. மறுபக்கமாகத் தவறியிருந்தால், அதாவது டங்கன் வரிசையை டிமார்சியோ படத்தின்படி மாட்டியிருந்தால், ஒரு காயிலின் இரு முனைகளும் ஒன்றாகக் கட்டப்பட்டு அது ஊமையாகும். மீட்டர் 4 கிலோ ஓம் அளவில் பாதிதான் காட்டும். 8.1 வந்ததால் அது இல்லை.

அப்படியானால் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றினால் போதும். ஆனால் வேறு நிறுவனங்கள் வேறு வரிசை வைத்திருக்கின்றன, இடையில் யாராவது ஒயரை மாற்றிப் பற்றவைத்தும் இருக்கலாம். சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் பத்து நிமிடம் செலவழித்து உறுதிசெய்யுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

பிக்கப்பை வால்யூம் கண்ட்ரோலிலிருந்து முழுக்கக் கழற்றி, ஐந்து ஒயர்களையும் தனித்தனியாகப் பிரித்துவையுங்கள். மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். 4 கிலோ ஓம் அளவில் காட்டும் ஜோடிகள் இரண்டுதான் கிடைக்க வேண்டும். மற்ற சேர்க்கைகளில் எண் வராது. உறையில்லாத கம்பி நான்கில் எதோடும் சேராது, பிக்கப்பின் உலோக அடித்தட்டோடு மட்டும் சேரும். அது எப்போதும் கிரவுண்டுக்குத்தான். அளக்கும்போது இரு முனைகளையும் விரலால் பிடிக்காதீர்கள். மீட்டர் பெரிய ரேஞ்சில் இருந்தால், அறுந்த காயிலில்கூட உங்கள் உடம்பின் தடையை ஓர் எண்ணாகக் காட்டி ஏமாற்றும். நான் கற்றுக்கொண்ட காலத்தில், அறுந்துபோன காயில் ஒன்றை நல்லதென்று நினைத்து ஒரு மாலை முழுக்கப் போராடியது இதனால்தான்.

சிவப்பும் கறுப்பும் ஜோடியாக வந்தால் என் ஊகத்துக்குப் பலம் கூடும். அடுத்தது திசை. இதற்குத் தேவை ஓர் இரும்புத் திருப்புளி. ஒரு ஜோடியில் மீட்டரின் சிவப்பு முனையை ஓர் ஒயரிலும் கறுப்பு முனையை இன்னொன்றிலும் முதலைக் கிளிப்பால் மாட்டுங்கள். திருப்புளியின் தண்டை அந்தக் காயிலின் காந்த முனைகள்மேல் படுக்கவைத்து, எண் நிலைத்த பிறகு சட்டென்று எடுங்கள். ஒரு கணம் எண் ஏறும் அல்லது இறங்கும், பிறகு பழைய இடத்துக்கு வந்துவிடும். இரும்பு நகரும்போது காயில் சொந்தமாக ஒரு சிறு வோல்ட்டேஜை எழுப்பி, மீட்டர் அனுப்பும் மின்சாரத்தோடு சேர்கிறது அல்லது மல்லுக்கு நிற்கிறது, குதிப்பது அதனால்தான். எண் அசையவே இல்லையென்றால் பக்கத்துக் காயிலைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். திருகாணி வரிசை எந்த ஜோடி, மற்ற வரிசை எந்த ஜோடி என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். தானாக ரேஞ்ச் மாற்றும் மீட்டர் என்றால் ரேஞ்சைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குதிப்பைத் தவறவிடுவீர்கள். பழைய முள் மீட்டர் வீட்டில் கிடந்தால் இந்த வேலைக்கு அதுவே அருமை.

திருப்புளியை எடுக்கும்போது எண் ஏறினால், சிவப்பு முனை மாட்டியிருக்கும் ஒயருக்கு 'கூட்டல்' என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். இறங்கினால் மற்றதுதான் கூட்டல். இரண்டு காயில்களுக்கும் இதே விதி. பிறகு முதல் காயிலின் கழித்தலையும் இரண்டாவதன் கூட்டலையும் சேர்த்துக் கட்டுங்கள். முதல் காயிலின் கூட்டல் ஹாட். இரண்டாவதன் கழித்தல், உறையில்லாத கம்பியோடு சேர்ந்து கிரவுண்டுக்குப் போகும்.

உடனே ஈயம் வைக்க வேண்டாம். கிளிப்புகளால் நேராக அவுட்புட் ஜாக்கில் மாட்டி, கிடாரை ஆம்பில் செருகி, சத்தத்தைக் குறைத்துவைத்து ஒரு கார்டு அடித்துப் பாருங்கள். பேஸ் திரும்பியிருந்தால் பற்றவையுங்கள். சேர்த்துக் கட்டிய இரண்டு ஒயர்களின் மேல் சுருங்கும் குழாயோ இன்சுலேஷன் டேப்போ போடுங்கள். அது தவறி எங்காவது கிரவுண்டில் பட்டால் ஒரு காயில் ஊமையாகிவிடும்.

கிடாரின் நெக் பிக்கப்போடு இது ஒத்துப்போகிறதா என்பது தனிக் கேள்வி. சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். தனித்தனியாக நன்றாக ஒலித்து, சேர்ந்தால் மட்டும் மெலிந்தால், புதிய பிக்கப்பின் ஹாட்டையும் கிரவுண்டுக்குப் போகும் காயில் ஒயரையும் இடம் மாற்றுங்கள். உறையில்லாத கம்பியை மட்டும் நகர்த்தாதீர்கள். நான்கு ஒயர் பிக்கப்பில் இருக்கும் வசதி இது. பின்னல் உறையே கிரவுண்டாக இருக்கும் பழைய ஒற்றை ஒயர் வகையில் இப்படி மாற்றினால் அடித்தட்டு முழுதும் ஹாட்டாகிவிடும், கை பட்டாலே உறுமும். அங்கே காந்தத்தைக் கழற்றித் திருப்பிவைக்க வேண்டிவரும். அந்த வேலையைப் பழகியவரிடம் விடுங்கள், காயில் கம்பி தலைமுடி அளவுதான் இருக்கும்.

9 வோல்ட் பேட்டரி கேட்கும் ஆக்டிவ் பிக்கப்புகளுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அவற்றின் உள்ளே ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், ஓம் கணக்கு அங்கே காயிலைப் பற்றி எதையும் சொல்லாது.