தண்டவாளம் கிடந்த வழியில் ஓடிய டீச்சருக்கு

கேள்வி: பாலக்காடு வடக்கந்தரையில் இருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 57. போன வருடம் சிங்கப்பூரில் மகள் வீட்டில் சில மாதம் இருந்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே பழைய ரயில் பாதையை நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள். தினமும் அதில் நடப்பேன். ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஹெண்டர்சன் பாலத்துக்குக் கூட்டிப்போவார். அங்கிருந்து ஊரே தெரியும். ஒருநாள் சும்மா ஓடிப் பார்த்தேன், ஓட வந்தது! ஊருக்குத் திரும்பியதும் எல்லாம் நின்றுபோயிற்று. மொட்டை மாடியில் எட்டு போட்டு நடக்கிறேன், சலிப்பாக இருக்கிறது. வீட்டுக்காரர் ட்ரெட்மில் வாங்கித் தருகிறேன் என்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டி எப்போதாவது வலிக்கும். இந்த ஊரில் நான் ஓடலாமா, எங்கே ஓடுவது? டிசம்பரில் மறுபடியும் சிங்கப்பூர் போகிறேன்.

பதில்: ஓடலாம் டீச்சர். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஓடலாம். ட்ரெட்மில்லை இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று சாரிடம் சொல்லிவிடுங்கள். மாடியில் எட்டு போட்டே சலித்துப்போனவருக்குச் சுவரைப் பார்த்தபடி ஓடுவது எத்தனை நாள் பிடிக்கும்?

உங்களுக்கு அங்கே ஏன் ஓட வந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். ஊரின் அழகு, சுத்தமான காற்று, மகள் வீட்டு நிம்மதி எல்லாம் உண்டுதான். ஆனால் பாதி வேலையைச் செய்தது அந்தப் பாதை. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலாயா ரயில் ஓடிய தடம் அது, சுமார் 24 கிலோமீட்டர். 2011 ஜூன் கடைசியோடு ரயில் நின்றது, அப்புறம் தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடப்பவர்களுக்கு விட்டார்கள். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது. 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறினாலே ரயில்காரர்களுக்கு அது மேடுதான். அதனால் குன்றை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சமமாகப் போட்ட தடம். திருப்பம்கூட நீண்டு வளைந்துதான் போகும். சாலை குறுக்கிடும் இடங்களில் பெரும்பாலும் நீங்கள் பாலத்தின் மேலே போயிருப்பீர்கள், இல்லை சாலைக்கு அடியில் போயிருப்பீர்கள். நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கையைக் காட்டிக் கடக்கிற வேலையே இல்லை. கால் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும். உங்கள் முட்டி அங்கே அதிகம் முணுமுணுக்காததற்கும் அந்தச் சமதளத்துக்கு நன்றி சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை போன இடம் வேறு கதை. அது சதர்ன் ரிட்ஜஸ், குன்றிலிருந்து குன்றுக்குப் பாலம் போட்டு இணைத்த சுமார் 10 கிலோமீட்டர் பாதை. நீங்கள் சொல்லும் ஹெண்டர்சன் பாலத்துக்கு ஹெண்டர்சன் வேவ்ஸ் என்று பெயர், 2008இல் திறந்தது. 274 மீட்டர் நீளம், கீழே போகும் சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம். பன்னிரண்டு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்றால் ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் அடுக்குமாடிகள், இரண்டுக்கும் நடுவில் மரங்களின் தலை. இந்தக் காட்சி ஓடுகிறவருக்கு ஒரு உதவி செய்கிறது. தூரத்தில் பார்க்க ஏதாவது இருந்தால் தலை தானாக நிமிரும், தோள் இறங்கும், மூச்சு ஆழமாகும். நம் ஊர் ரோட்டில் குழி, சாணி, உடைந்த ஸ்லாப் என்று காலடியையே பார்த்துப் போகிறோம். கழுத்து குனிந்தபடி ஓடினால் பத்து நிமிடத்தில் பிடரி வலிக்கும்.

ஆக, உங்களுக்கு இங்கே வேண்டியது மூன்றே: நிற்க வைக்காத வழி, மேடு பள்ளம் இல்லாத தரை, கண்ணுக்கு எட்டத்தில் ஏதாவது. மாடியில் இந்த மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காகக் கிடைக்காது. எட்டு போடுவதில் நாலு எட்டு வைப்பதற்குள் திரும்ப வேண்டும், வேகம் எடுக்கவே வழியில்லை. நடக்காமல் இருப்பதற்கு அது தேவலை, அவ்வளவுதான்.

பாலக்காட்டில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கிற இடம் உங்களுக்குத் தெரியாததில்லை, கோட்டைதான். 1766இல் ஹைதர் அலி கட்டியது. அனுமார் கோயிலுக்கு எத்தனையோ தடவை போயிருப்பீர்கள். அகழி ஓரமாகக் காலையில் நடக்கிறவர்கள் கூட்டம் எப்போதும் உண்டு. சுற்று வழி என்பதால் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம், 'எங்கே திரும்புவது' என்ற யோசனையும் வேண்டாம். சிங்கப்பூர் மாதிரி கீழே ஊர் விரிந்து தெரியாது என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கம் கருங்கல் சுவரும் தண்ணீரும், இன்னொரு பக்கம் மைதானத்து வெளியும் கண்ணுக்கு எட்டும். மழை கழுவிவிட்ட காலையாக இருந்தால் வெட்டவெளிப் பக்கம் வரும்போது வடக்கே பாருங்கள், மலை நீலமாகப் பக்கத்தில் வந்து நிற்கும். கட்டடக் காட்சிக்குப் பதில் மலைக்காட்சி. நமக்கு இது நஷ்டமில்லை என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. ஜூன், ஜூலையில் இன்டர்லாக் கல் பதித்த இடமெல்லாம் பாசி பிடித்துவிடும். பச்சையாகத் தெரிந்தால் பரவாயில்லை, விலகிப் போவோம். கல்லின் நிறத்திலேயே கருப்பாகப் படிகிற பாசிதான் ஆளைத் தள்ளும். மரத்தடியிலும், தண்ணீர் வடியும் ஓரத்திலும் ஓட வேண்டாம், நடந்துவிடுங்கள். பக்கத்தில் மண்தரை இருந்தால் மழைக்காலத்தில் அதுவே மேல். நடைபாதை என்றாலே பளபளப்பான கல்லைப் பதித்து, நாலு பெஞ்சு போட்டு, நிழல் மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று நம் நகராட்சிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

வாரத்தில் ஒருநாள் இடம் மாற்றுங்கள். மலம்புழா அணைப் பக்கம் போகலாம். வாய்க்கால் கரையில் நடப்பது இன்னும் நன்றாக இருக்கும். இரண்டு பக்கமும் வயல், வரப்பில் கரும்பனை. ஆனால் அங்கே தனியாகப் போகாதீர்கள், இருட்டோடு போகாதீர்கள். பாம்புக்கும் அதுதான் உலா நேரம். அப்புறம் காற்று. கணவாய் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வரும் காற்று எதிரே வந்தால் மார்பில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் நேர்வழியில் போவதானால் முதலில் கிழக்கே போங்கள், தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிடலாம். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

ஊர் தெரிகிற பாதைதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறுங்கள், ஒரு மணி நேரம்தான். ரேஸ்கோர்ஸ் சுற்றுப்பாதை சுமார் இரண்டரை கிலோமீட்டர், நிழலும் உண்டு, கூட்டமும் உண்டு. உக்கடம் பெரியகுளக் கரையில் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஊர் விளக்குகள் தெரியும், சாயங்காலம் போகலாம். எறணாகுளம் போகிற வேலை இருந்தால் மரைன் டிரைவ். அங்கே ஓட இடம் கிடைக்காது, நடக்கத்தான்.

இப்போது ஓட்டம். சிங்கப்பூரில் ஓடினேனே என்று முதல் நாளே கோட்டையை ஒரு சுற்று ஓடிவிடாதீர்கள். இத்தனை மாதத்தில் மூச்சு விட்டுப்போயிருக்கும், அது சீக்கிரம் திரும்பி வந்துவிடும். தசைநாரும் மூட்டும் மெதுவாகத்தான் வரும். 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும், கேட்டால் மறுநாள் முட்டி பதில் சொல்லும். பத்து நிமிடம் நடங்கள். பிறகு அரை நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இப்படி ஆறு தடவை. கடைசியில் ஐந்து நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள். வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒவ்வொரு நாள் விட்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் கொஞ்சம் நீட்டி நடையைக் கொஞ்சம் குறைக்கலாம். மற்ற நாளில் சும்மா நடை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிட வேக நடை, அல்லது அதில் பாதி நேரம் ஓட்டம். இரண்டையும் கலந்தாலும் கணக்கில் சேரும்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். பாட முடிந்தால் அது உலாத்தல். ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் குறையுங்கள். எட்டை நீட்டி வைக்காமல் சின்ன அடியாக வையுங்கள், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். காலை முன்னால் வீசிக் குதிகாலால் குத்தும்போதுதான் முட்டிக்கு அடி விழுகிறது.

முட்டி தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் நிறைய வருவார்கள். அளவாக ஓடுகிறவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் மற்றவர்களைவிட அதிகம் வருவதில்லை என்றே ஆய்வுகள் பொதுவாகச் சொல்கின்றன. ஏற்கெனவே தேய்ந்த மூட்டு என்றால் கதை வேறு, அதனால் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி: ஓடிய மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது முட்டி எப்படி இருக்கிறது? வழக்கம்போல் இருந்தால் சரி. பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியிருந்தால் அந்த வாரம் நடை மட்டும். வீங்கினால் டாக்டர்.

சர்க்கரை விஷயத்தில் அலட்சியம் கூடாது. மாத்திரையில் பல வகை. சிலவற்றால் ஓட்டத்தின்போது சர்க்கரை சட்டென்று இறங்கும், சிலவற்றால் பெரும்பாலும் இறங்காது. உங்களுடையது எந்த வகை என்று டாக்டரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆரம்ப நாட்களில் கிளம்பும் முன் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். 100க்குக் கீழே என்றால் பாதி நேந்திரம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்துக் கிளம்புங்கள். பையில் நாலு மிட்டாய், நடுக்கமும் வேர்வையும் வந்தால் உடனே வாயில் போட. வந்ததும் ஷூவைக் கழற்றி உள்ளங்காலைப் பாருங்கள். சர்க்கரைக்காரர்களுக்குக் கொப்புளம் வலிக்காமலே பெரிதாகும். ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் முழு அளவில் இருக்கும். கட்டை விரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். ஓடும்போது மார்பு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, நேரே ஆஸ்பத்திரி.

கோட்டைக்குப் போகும் வழியில் இரண்டு தொல்லை. ஒன்று வண்டி. நடைபாதை இல்லாத ரோட்டில் வலது ஓரமாக நடங்கள், எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியும். வெளிறிய நிறத்தில் சட்டை நல்லது. இன்னொன்று தெருநாய். நாய் துரத்தினால் ஓடக் கூடாது, இந்த ஒரு இடத்தில் மட்டும் ஓட்டப் பயிற்சி வேண்டாம். நின்று, கையை உடம்போடு ஒட்டி, கண்ணைப் பார்க்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ, பல் லேசாகக் கீறினாலோகூட சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒரு தொல்லையும் இருக்கும் என்று நினைக்கிறேன். சிங்கப்பூரில் யாருக்கும் உங்களைத் தெரியாது. இங்கே ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், பால் பூத்தில் ஒருவர் என்று பழைய மாணவர்கள் இருப்பார்கள். 'டீச்சரே, எங்ஙோட்டா?' என்று கேட்பார்கள். 'கோட்டைக்கு' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒரு வாரம் கேட்பார்கள், அதற்கப்புறம் நீங்கள் வராத நாளில்தான் கேட்பார்கள். சேலையில் ஓட முடியாது. சுரிதார் என்றால் ஷாலை வீட்டிலேயே வைத்துவிட்டு மேலே தளர்வான ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பறக்கிற ஷால் காலில் சிக்கி விழுந்தவர்கள் உண்டு.

மார்ச், ஏப்ரலில் நம் ஊர் வெயில் 40 டிகிரியைத் தொடுவது புதிதில்லை. அந்த மாதங்களில் ஆறு மணிக்கு முன்பே தொடங்கி ஏழுக்குள் வீடு திரும்புங்கள். புழுக்கம் அதிகமான நாளில் ஓட்டத்தை விட்டு நடையோடு நிறுத்துங்கள்.

டிசம்பர் பயணத்துக்கு: சிங்கப்பூரில் அது நல்ல மழை மாதம். மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும், அதனால் காலை நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை ரயில் பாதையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பழைய புக்கிட் தீமா ஸ்டேஷனை ஒட்டிய பகுதி சமமாக இருக்கும். சதர்ன் ரிட்ஜஸில் மரத்தளமும் இரும்புக் கம்பித் தளமும் நனைந்தால் வழுக்கும், அங்கே நடை போதும், காட்சியையும் நிதானமாகப் பார்க்கலாம். அந்தப் பாதையில் வரும் ஃபேபர் குன்றுக்கு ஹார்பர்ஃபிரண்ட் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து மராங் பாதை வழியாக ஏறலாம், செங்குத்தான வழி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டியில் பாரம் அதிகம். ஏறியது போதும், கீழே வர மருமகனிடம் டாக்ஸி கூப்பிடச் சொல்லுங்கள்.