பிறரைப் பார்த்துச் செய்கிறவருக்கு என்ன பெயர்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ளவர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.

ஐயா, நான் என்ன சேலை எடுத்தாலும் பக்கத்து வீட்டு அக்கா அடுத்த வாரமே அதையே எடுத்துவிடுகிறார். வான்கோழி என்று சொல்லலாமா?

வேண்டாம்மா, சண்டைதான் வரும். பொருந்தவும் பொருந்தாது. மூதுரையில் வரும் வான்கோழி, கானமயில் ஆடுவதைப் பார்த்துத் 'தானும் அதுவாகப் பாவித்து'த் தன் பொல்லாச் சிறகை விரிக்கிறது. கல்லாதவன் கற்ற கவி அப்படித்தான் இருக்கும் என்கிறார் ஔவையார். தானே மயில் என்ற நினைப்பு வந்தால்தான் வான்கோழி. அக்காவுக்குச் சேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். உங்களைப் பார்த்துக் கடன் வாங்கிக் காடி (கார்) மாற்றினால் சொல்லுங்கள். அது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

தாத்தா நடப்பது போலவே என் மகன் நொண்டி நடந்து காட்டுகிறான், சார்.

பழிப்புக் காட்டுகிறான். வக்கணை காட்டுவது என்றும் சொல்வோம். இதையே மேடையில், குரலில் செய்தால் பலகுரல் கலைஞர் என்று மாலை போடுவார்கள். தாத்தா முன்னால் மட்டும் வேண்டாம்.

ஈயடிச்சான் காப்பியில் ஈ எங்கிருந்து வந்தது?

கதை இதுதான். ஏட்டைப் பார்த்து எழுதியவன், மூலத்தில் ஓர் ஈ நசுங்கி ஒட்டியிருப்பதைக் கண்டான். தானும் ஓர் ஈயை அடித்து அதே இடத்தில் ஒட்டிவிட்டான். பக்கத்துப் பையனின் விடையோடு அவன் பெயரையும் எழுதி வைக்கும் மாணவனுக்கு இதுதான் பட்டம்.

மலாயில் 'பாக் துருட்' என்கிறார்களே, தமிழில்?

ஆமாம்சாமி கிட்ட வரும். ஆனால் ஆமாம்சாமி வாயால் ஒத்துக்கொள்வார். பாக் துருட் யார் பின்னாலாவது போய்க்கொண்டே இருப்பார். தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) தலையாட்டினால் தானும் ஆட்டும் மண்டோர் (மேற்பார்வையாளர்) இரண்டிலும் சேர்த்தி.

போலியும் ஆள்மாறாட்டமும் ஒன்றா?

இல்லை தம்பி. படிக்காமல் ஊசி போடுகிறவர் போலி மருத்துவர். பெயர் அவருடையதாகவே இருக்கலாம். அண்ணனுக்குப் பதில் தம்பி பரீட்சை எழுதினால் ஆள்மாறாட்டம். இப்படி இன்னொருவராக நடித்து ஏமாற்றுவதைப் பற்றித்தான் மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 416ஆவது பிரிவு பேசுகிறது. புலித்தோல் போர்த்து மேயும் பசு என்று வள்ளுவர் 273ஆம் குறளில் சொல்வது பொய்த் தவசியை. அவர் போலிப் பக்கம்.

புதிதாக மண்டோர் ஆனவர், அந்தக் கால வெள்ளைக்காரர் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வருகிறார். அவருக்கு?

'பெரிய துரைன்னு நினைப்பு.' இதற்கு மேல் ஒரு சொல் தேட வேண்டியதில்லை.