பேரை விடுங்கள், ஊரைச் சொல்லுங்கள்

அயர்லாந்தில் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் வேலை பார்ப்பவள் நான் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஐரிஷ் குடும்பங்களின் பூர்வீகம் பற்றியவை. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் கணவர் ஐரிஷ்காரர். அவருடைய முன்னோர்களைத் தேடலாம் என்று ஆசை. மாமியாரோ, "டப்ளின்ல எல்லாம் எரிஞ்சு போச்சு, ஒண்ணும் கிடைக்காது" என்கிறார். உண்மைதானா?
— ஒரு வாசகி, லிமரிக்

பாதி உண்மை. உள்நாட்டுப் போர் தொடங்கிய வாரத்தில், 1922 ஜூன் 30 அன்று, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு சென்சஸ்களின் படிவங்கள் அநேகமாக முழுவதும் போயின. பல நூற்றாண்டு உயில்களும், ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. ஆனால் எல்லாப் பழியையும் அந்த நெருப்பின் மேல் போடுவது அநியாயம். 1861, 1871 படிவங்களை அரசாங்கமே அதற்கு முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகின. எந்தக் குண்டும் விழாமல், ஓர் அதிகாரியின் கையெழுத்திலேயே போனவை அவை. எனக்கு இன்னமும் ஆறாத கோபம் அதுதான்.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: டப்ளினில் எரிந்தது டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்தவை மட்டுமே. கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள தேவாலய வட்டாரங்கள்) ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் அந்தந்தப் பங்குத்தந்தையிடமே இருந்ததால் தப்பின. 1880 வாக்கில் வரையிலான அவற்றின் படங்களைத் தேசிய நூலகம் 2015-இல் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டது. 1864-இல் தொடங்கிய அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவுகள் இருக்கின்றன. 1901, 1911 சென்சஸ் இரண்டும் வீடு வீடாக, கூரை ஓலையா பலகைக்கல்லா, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்பது வரை இருக்கின்றன. இவை போக, ஊரிலேயே தங்கிவிட்டவை நிறைய: ஏழைகள் நிவாரணக் குழுக்களின் கூட்டக் குறிப்பேடுகள், வரிப் புத்தகங்கள், பண்ணையார்களின் குத்தகைக் கணக்குகள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், உள்ளூர்ப் பத்திரிகைகள். இவற்றில் கணிசமானவை கவுண்டி நூலகத்திலோ அதை ஒட்டிய ஆவணக் காப்பகத்திலோ இருக்கும்.

என் மனைவியின் கொள்ளுப்பாட்டி கிளேர் கவுண்டியிலிருந்து கப்பலேறி வந்தவர். அவர் பெயரைப் போட்டுத் தேடினால் அதே பெயரில் கணக்கில்லாத பெண்கள் வருகிறார்கள். எங்கள் ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், பாஸ்டன்

நீங்கள் எழுதியிருந்த பெயரை இங்கே போடவில்லை. கிளேரில் மக்நமாரா, மக்மஹோன், ஓ'பிரையன் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு சாதாரணமான பெயர் என்று மட்டும் சொல்கிறேன். என் மேஜைக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பேரை அல்ல, ஊரை. "கிளேர்" என்றால் போதாது. 1841 சென்சஸின்படி அங்கே 2,86,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள்.

இங்கே ஊர் என்றால் டவுன்லேண்ட், அதாவது நிலத்தைப் பிரித்த மிகச் சிறிய பிரிவு. நாடு முழுக்க 60,000-க்கு மேல் இருக்கின்றன. சில டவுன்லேண்டுகளில் நாலைந்து வீடுதான், சிலவற்றில் ஆளே கிடையாது. தெருப்பெயர், கதவு எண் எதுவும் இல்லாத கிராமப்புறத்தில் இதுதான் முகவரி. ஒரு டவுன்லேண்ட் எந்த சிவில் பாரிஷில் (அரசு நிர்வாகப் பிரிவு), எந்த ஏழைகள் நிவாரண யூனியனில் (ஏழைகளுக்கு உதவப் பிரித்த வட்டாரம்), எந்தக் கத்தோலிக்கப் பங்கில் வருகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பதிவேட்டைத் திறப்பது என்றே தெரியும். சிவில் பாரிஷின் எல்லையும் கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப்போகாது, பெயரும் வேறாக இருக்கும். பிறப்பு, இறப்புப் பதிவு மாவட்டங்களோ யூனியனை வைத்துப் பிரித்தவை. கிளேருக்குள்ளேயே என்னிஸ், கில்ரஷ், என்னிஸ்டைமன் என்று பல உண்டு.

டவுன்லேண்ட் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது, உங்கள் ஊரில்தான் கிடைக்கும். நீங்கள் பாஸ்டனில் இருப்பது அதிர்ஷ்டம். அங்கே வெளிவந்த 'தி பைலட்' என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல் போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களைப் போட்டு வந்தது. "இன்ன கவுண்டி, இன்ன பாரிஷ், இன்ன டவுன்லேண்டைச் சேர்ந்த என் தம்பி" என்று விளம்பரம் கொடுத்தவர்கள் விவரமாக எழுதியிருப்பார்கள். அதைப் பாருங்கள். கொள்ளுப்பாட்டி அங்கே கல்யாணம் செய்துகொண்ட தேவாலயத்தின் பதிவேடு, கல்லறைக் கல், இரங்கல் செய்தி, மனைவியின் அத்தை பெட்டியில் வைத்திருக்கும் கடித உறைகள் எதையும் விடாதீர்கள். குடியுரிமைத் தாளை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அதில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்பதோடு சரி.

டவுன்லேண்ட் கையில் வந்ததும் கிரிஃபித் மதிப்பீட்டைத் திறக்கலாம். ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847-லிருந்து 1864 வரை நாடு முழுக்க நிலத்துக்கும் வீட்டுக்கும் வரி போட எடுத்த கணக்கு இது. கிளேருக்கு 1855-இல் வந்தது. குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால், அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரையோ, "சிவப்பு" என்று தலைமுடி நிறத்தையோ போட்டிருப்பார்கள். நம் ஊரில் இரண்டு முருகேசனை எப்படிப் பிரிப்போமோ அதே கதைதான். அந்தச் சின்ன அடைப்புக்குறி உங்களுக்கு ஒரு தலைமுறையைச் சும்மா கொடுத்துவிடும்.

அப்புறம் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு. லத்தீனில் இருக்கலாம், பயப்பட வேண்டாம்: ஜேகோபஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்மஸ் என்றால் வில்லியம். பெரும்பாலான பதிவேடுகளில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். ஞானப்பெற்றோர் என்பவர்கள் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி. எல்லாக் குழந்தைகளுக்கும் யார் யார் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், சொந்தபந்தம் தானாக வெளியே வரும். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைக்கும் பழக்கமும் பரவலாக இருந்தது. அதைத் துப்பாக வைத்துக்கொள்ளலாம், சாட்சியாக அல்ல.

எழுத்துப் பிழைக்காக யாரையும் தள்ளிவிடாதீர்கள். ஒரே ஆள் ஒரு தாளில் 'ஓ' சேர்த்தும் அடுத்த தாளில் சேர்க்காமலும் இருப்பார். எழுதியவர் காதில் விழுந்ததுதான் எழுத்து.

கிளேர்காரர்களுக்கு இன்னொரு கொடுப்பினை, கிளேர் கவுண்டி நூலகம். கிரிஃபித் மதிப்பீடு, அதற்கு முந்தைய தசமபாகக் கணக்கு (சபைக்குக் கட்டிய வரியின் கணக்கு), கல்லறைக் கல் வாசகங்கள் என்று தன்னார்வலர்கள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படியெடுத்துத் தந்ததை அவர்கள் இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறார்கள். என்னிஸில் அவர்களுடைய உள்ளூர் ஆய்வு மையம் இருக்கிறது. நான் வேறு கவுண்டிக்காரி, இருந்தாலும் பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.

1901 சென்சஸில் ஒருவருக்கு வயது 54. 1911-இல் அதே வீட்டில் அதே பெயருக்கு 71. இரண்டும் வேறு வேறு ஆட்களா?
— ஒரு வாசகி, கார்க்

ஒரே ஆள்தான், பெரும்பாலும். இடையில் 1908-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்குப் பணம். அரசுப் பிறப்புப் பதிவே 1864-இல்தான் தொடங்கியது என்பதால், அதற்கு முன் பிறந்தவர்களிடம் சான்றிதழ் கிடையாது. பலருக்குத் தங்கள் வயது உண்மையிலேயே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் 70 வசதியாக இருந்தது!

இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. வயதை நிரூபிக்க, அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 சென்சஸில் தேடச் சொல்லி மக்கள் விண்ணப்பம் போட்டார்கள். அலுவலர்கள் தேடிக் கண்டதை அந்தப் படிவத்திலேயே குறித்துவைத்தார்கள். சென்சஸ் எரிந்தது, அந்தத் தேடல் படிவங்கள் பிழைத்தன. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அப்படியே 1911 படிவத்தில் திருமணமான பெண்களுக்கான கட்டங்களையும் பாருங்கள்: கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. பத்துப் பிறந்து ஆறு மிஞ்சியது என்று பார்க்கும்போது மனசு கனத்துப்போகும். ஆனால் நீங்கள் இன்னும் நான்கு பேரைத் தேட வேண்டும் என்பதும் அங்கேதான் தெரியும்.

கணவரின் தாத்தாவின் அப்பா 1890-களில் "வொர்க்ஹவுஸில்" இறந்ததாகப் பதிவில் இருக்கிறது. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், கால்வே

சொல்லுங்கள். வொர்க்ஹவுஸ் என்பது ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய அரசு விடுதி. 1862-க்குப் பிறகு வொர்க்ஹவுஸ் மருத்துவமனைகளில் பரம ஏழைகள் அல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. பல ஊர்களில் பக்கத்தில் இருந்த ஒரே மருத்துவமனை அதுதான். காய்ச்சல் வந்து போய்ப் படுத்தவராக இருக்கலாம். வறுமையில் போயிருந்தாலும் அதில் அவருக்கு என்ன அவமானம்? அந்த யூனியனின் சேர்க்கைப் பதிவேடு தப்பியிருக்கிறதா என்று கவுண்டி நூலகத்தில் கேளுங்கள். தப்பியவை குறைவு. இருந்தால் எந்த டவுன்லேண்டிலிருந்து வந்தார், என்ன நோய் என்பது கூட இருக்கும்.

காசு கட்டும் தளங்களில் சேரலாமா?
— ஒரு வாசகர், டப்ளின்

முதலில் சேராதீர்கள். மேலே சொன்ன சென்சஸ், பதிவுகள், கிரிஃபித் எல்லாமே இலவசம். பழைய பத்திரிகைகளின் கட்டணத் தொகுப்புகளைப் பல பொது நூலகங்களின் கணினியில் காசில்லாமல் பார்க்கலாம். டப்ளினிலேயே இருக்கும் உங்களுக்குப் பியர்ஸ் தெரு நூலகமும் அதன் ஆவணக் காப்பகமும் பக்கம். அங்கே போகும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு, என்ன தேடுகிறீர்கள், எந்த இடம், எந்த வருடங்கள் என்று நாலு வரி எழுதுங்கள். பதினாறு பக்கத்துக்குக் குடும்ப மரத்தை அனுப்ப வேண்டாம், நாங்கள் படிக்க மாட்டோம். மைக்ரோஃபிலிம் பார்க்கும் இயந்திரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பேனாவை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சில் எடுத்துப் போங்கள்.