கையில 20 லட்சம் இருக்கு, படம் தயாரிக்கலாமா?

திருப்பூர்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: பி.காம் முடிச்சிட்டு பனியன் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன், காலேஜ் ஃப்ரெண்ட் ஒரு நல்ல கதை வெச்சிருக்கான், சேமிப்பு 20 லட்சத்தைப் போட்டு ப்ரொட்யூசர் ஆகிடலாமா?

இப்போதைக்கு போடாதீங்கம்மா. ஆனா அந்த ஆசையை விட்டுடவும் வேணாம், உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான் இந்தத் தொழில்ல ரொம்ப முக்கியமான வேலை.

புதுசா வர்றவங்க நிறைய பேர் கைக்காசு மொத்தத்தையும் ஷூட்டிங்லயே கரைச்சிடறாங்க. அப்புறம் டப்பிங், டிஐ (படத்தோட கலரை சரி பண்றது), மிக்ஸிங், சென்சார், போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் புரொஜக்‌ஷன் கம்பெனிக்கு கட்டற வி.பி.எஃப் கட்டணம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும், ஃபர்ஸ்ட் காப்பியை, அதாவது முழுசா முடிஞ்ச படத்தை, கையில வெச்சுக்கிட்டு ரிலீஸுக்காக பைனான்சியர்கிட்ட போய் நிக்கணும், தேதி ஒரு மாசம் தள்ளிப்போனா அந்த மாச வட்டியும் உங்க பட்ஜெட்தான். வரவு பக்கம் பாத்தா சாட்டிலைட் (டிவி உரிமை), ஓடிடி, ஆடியோ, இந்தி டப்பிங்னு சொல்லுவாங்க, தெரிஞ்ச முகம் இல்லாத படத்துக்கு அதை யாரும் முன்கூட்டியே வாங்க மாட்டாங்க. செங்கல்பட்டு, கோவை, மதுரைன்னு ஏரியா ஏரியாவா மினிமம் கேரண்டி (படம் ஓடினாலும் ஓடாட்டியும் விநியோகஸ்தர் முன்னாடியே தர்ற தொகை) கிடைக்கறதும் கஷ்டம், கமிஷனுக்குத்தான் ரிலீஸ் பண்ணித் தருவாங்க. இன்னொண்ணு, 'ஏ' சர்டிபிகேட் வாங்கின படத்தை டிவியில அப்படியே போட முடியாது, அதனால சாட்டிலைட் விலை கதை எழுதும்போதே பாதி முடிவாகிடுது.

ஃப்ரெண்டோட கதை விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பா சொல்றேன், வாய்ப்பேச்சுல எதுவும் வேணாம். 1957 காப்பிரைட் சட்டப்படி கதை உரிமையை எழுத்துல, கையெழுத்தோட வாங்கினாத்தான் செல்லும். எத்தனை வருஷத்துக்குன்னு எழுதலைன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க, எந்தெந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும்தான், வாங்கின உரிமையை 1 வருஷத்துக்குள்ள பயன்படுத்தலைன்னா அதுவும் போயிடும், வேற மாதிரி எழுதி வாங்கியிருந்தா தவிர. ஓடிடிக்காரங்க படத்தைப் பாக்கறதோட விடமாட்டாங்க, கதை, மியூசிக், பாட்டு எல்லாத்துக்கும் ஒப்பந்தம் கேப்பாங்க, அதுல ஒரு பேப்பர் இல்லைன்னாலும் டீல் நின்னுடும். ஃப்ரெண்டுங்கறதால கேக்க சங்கடமாத்தான் இருக்கும், ஆனா படம் முடிஞ்சு சண்டை வந்தா கோர்ட்டுல தடை வாங்கற அளவுக்கு போகுதுங்க.

அப்ப எங்க ஆரம்பிக்கறது? ஏதாவது கம்பெனியில புரொடக்‌ஷன் அக்கவுண்டண்டா சேருங்க, என்னைக் கேட்டா முதல்ல சீரியல் யூனிட்தான். சேனல் எபிசோடுக்கு இவ்வளவுன்னு கொடுக்கும், அந்தப் பணமும் பில் போட்ட பிறகுதான் வரும், அதுக்குள்ள லொகேஷன் வாடகை, சாப்பாடு, வண்டி, பேட்டா (தினப்படி) எல்லாத்தையும் தினமும் சமாளிக்கணும், கால்ஷீட் நேரம் தாண்டினா பேட்டா ஏறும். இந்த ஓட்டத்துல கத்துக்கற அளவுக்கு எந்த கோர்ஸ்லயும் கிடைக்காது. ராதிகா மேடமும் ராடான் கம்பெனியை வளர்த்தது சீரியல் வழியாத்தான். அங்கிருந்து மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர்னு வரலாம், அதுக்குள்ள எந்த டெக்னீஷியன் சொன்ன நாள்ல முடிச்சுக் கொடுப்பாருன்னும் உங்களுக்கே தெரிஞ்சிடும்.

ஃப்ரெண்டு கதை நிஜமாவே நல்லா இருந்தா, ஒரு சின்ன தொகை அட்வான்ஸ் கொடுத்து 2 வருஷத்துக்கு உரிமையை மட்டும் எழுதி வாங்கி வைங்க, 1 வருஷ விதி பொருந்தாதுன்னு அதுலயே எழுதிடுங்க. கையெழுத்துக்கு முன்னாடி சினிமா ஒப்பந்தம் பாக்கற ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.