மகன் வந்தால் மாத்திரைக்கு லீவா?

கேள்வி: எனக்கு 68 வயது. தோளும் இடுப்பும் இறுகி வலிக்கும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா நோய் என்று சொல்லி ஒரு வருடமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருகிறார்கள். வலி போய்விட்டது. ஆனால் முகம் உப்பி, கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. ஸ்டீராய்டு விஷம் என்று மகன் சத்தம் போடுவான். அதனால் அவன் வந்து தங்கும் நாட்களில் மட்டும் மாத்திரை போடுவதில்லை. அவன் கிளம்பியதும் வேலை செய்த அலுப்பில் கையையே தூக்க முடியாது. 5 மில்லிகிராமுக்கு இறக்கிய டாக்டர் மறுபடி 7.5 ஆக்கிவிட்டார். முகம் எப்போது பழையபடி ஆகும்?

பதில்: முகத்தை அப்புறம் பார்க்கலாம் அம்மா. 'அவன் வந்து தங்கும் நாட்களில் மட்டும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன்.

அலுப்பென்றால் ஒரு ராத்திரி தூங்கினால் தீரும். உங்களுக்கு இரண்டு தோளும் இறுகி, விடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் சீப்பு உச்சந்தலைக்கு எட்டியிருக்காது. மாத்திரையை விட்டதும் நோய் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான். டாக்டருக்கு இந்தக் கதை தெரியாது. வலியையும், ரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் ஏறியிருப்பதையும் பார்த்து 5 போதவில்லை என்று நினைத்திருப்பார். டோஸ் இறங்க இறங்கத்தான் முகம் வற்றும். அதை இறங்கவிடாமல் பிடித்து வைத்திருப்பது நீங்கள்தான்!

இன்னொன்று. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பில், இயற்கையாக ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டுவிடும். மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து, வாந்தி, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். 10க்குக் கீழே வந்தபின் மாதம் 1 மில்லிகிராம் என்று டாக்டர்கள் நிதானமாக இறக்குவது சும்மா இல்லை.

உங்கள் மகனின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும், கண்ணில் புரை வரும். அந்தக் கவலை நிஜமென்றால் அவன் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, எலும்புக்கு என்ன கொடுக்கிறீர்கள், சர்க்கரை எவ்வளவு என்று கேட்க வேண்டும். வீட்டில் சத்தம் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவதை நான் அக்கறை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் மாத்திரையை ஒளிப்பதும் பாசமில்லை. பெற்றவள் நோயாளி என்று பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவன் தங்கும் நாட்களில் வேலை முழுக்க உங்கள் தலையில்தான் போலிருக்கிறது. அதற்கு ஒரு முணுமுணுப்புகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

புதிதாகத் தலைவலி வந்தாலோ, சீப்பு பட்டாலே தலைத்தோல் வலித்தாலோ, மெல்லும்போது தாடை நொந்தாலோ, பார்வை மங்கினாலோ வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த நோயோடு சேர்ந்து வரக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக அது இருக்கலாம். தாமதித்தால் பார்வையே போய்விடலாம்.

அடுத்த முறை அவன் வரும்போது, காலையில் சாப்பிட்டதும் அவன் கண்ணெதிரே மாத்திரையைப் போடுங்கள். பிறகு அவனையும் கூட்டிக்கொண்டு போய், எந்தெந்த நாள் விட்டீர்கள் என்று டாக்டரிடம் தேதியோடு சொல்லுங்கள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.